கைபேசி கேட்கும் அனுமதியும் நம் கையிலுள்ள அமானிதமும்

 

 உங்களில் பலருடைய கைபேசியில் பாங்கு சொல்லும் ஆப் ஒன்று இருக்கும். ஃபஜ்ருக்கு எழுப்பி விடுகிறது. வெளியூர் போனால் கிப்லா காட்டுகிறது. குர்ஆன் ஓதிக் காட்டுகிறது. அதற்காகக் காசு எதுவும் கேட்பதில்லை. அதை ஏற்றிய முதல் நாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருக்கும்: நீங்கள் இருக்கும் இடத்தை நான் தெரிந்துகொள்ளலாமா? நீங்களும் வாசித்தும் வாசிக்காமலும் விரலால் தொட்டு அனுமதி கொடுத்திருப்பீர்கள். அந்த ஒரு தொடுதலைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது. ஜும்ஆ மேடையில் கைபேசி செட்டிங்ஸ் பற்றி என்ன பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். அனுமதி கேட்பது, அனுமதி கொடுப்பது, அடுத்தவருடைய விஷயத்தைப் பாதுகாப்பது ஆகிய மூன்றைப் பற்றியும் நம் மார்க்கத்தில் பேச்சு நிறையவே இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2020 நவம்பரில் வைஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் மதர்போர்ட் பிரிவு ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. உலகெங்கும் 9 கோடிக்கும் அதிகமான தடவை பதிவிறக்கம் செய்யப்பட்ட முஸ்லிம் ப்ரோ என்ற தொழுகை நேர ஆப், தன்னைப் பயன்படுத்துபவர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது என்பது அந்தச் செய்தி. அந்த எக்ஸ்-மோட்டிடம் தகவல் வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் இருந்தன. ராணுவத்துக்கு நாங்கள் எதையும் விற்கவில்லை என்று ஆப் நிறுவனம் மறுத்தது. ஆனால் எக்ஸ்-மோட் உட்பட இப்படிப்பட்ட எல்லாத் தரவு நிறுவனங்களுடனும் உள்ள தொடர்பை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும், எக்ஸ்-மோட்டின் மென்பொருளைத் தங்கள் ஆப்களிலிருந்து நீக்கிவிடும்படி ஆப் தயாரிப்பவர்களுக்குச் சொல்லிவிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது ஓர் உத்தரவு கொண்டு வந்தது. மருத்துவமனை, வணக்கத்தலம் போன்ற இடங்களுக்கு மக்கள் வந்து போவதைக் காட்டும் தகவலை அது விற்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இதில் நமக்கு வலிக்கும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆப்பை ஏற்றியவர்கள் அல்லாஹ்வை வணங்குவதற்காக ஏற்றினார்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான விலை, அவர்கள் நின்ற இடம் யாரோ ஒருவருடைய சரக்காக மாறியது. பெயர் இல்லாத தகவல்தான் அது என்று இந்த வியாபாரிகள் சமாதானம் சொல்வார்கள். ஒரு கைபேசி இரவெல்லாம் ஒரே வீட்டில் இருக்கிறது, பகலில் ஒரே கடையில் இருக்கிறது, வெள்ளி மதியம் ஒரே பள்ளிவாசலில் இருக்கிறது என்றால், அது யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? தெருக்கோடி டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார்.

இதைச் சொன்னதும் நம்மில் பலர் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு. "பாய், நான் என்ன திருடனா? என்கிட்ட மறைக்க என்ன இருக்கு? பார்த்துட்டுப் போகட்டுமே." மனதில் குற்றமில்லாத மனிதர் சொல்லும் பதில் இது. எனவே இதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் மார்க்கம் இந்த விஷயத்தை இப்படிப் பார்க்கவில்லை.

ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம். நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டில் இருக்கிறார்கள். கையில் இரும்புச் சீப்பு ஒன்று. அதனால் தலையைக் கோதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதர் கதவிலிருந்த துவாரம் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். நபியவர்களுக்குக் கடும் கோபம் வந்தது. நீ பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்திருந்தால் இந்தச் சீப்பாலேயே உன் கண்ணைக் குத்தியிருப்பேன் என்ற பொருளில் சொன்னார்கள். அனுமதி கேட்க வேண்டும் என்ற சட்டம் வந்ததே பார்வையின் காரணத்தால்தான் என்றும் விளக்கினார்கள் (புகாரி 6241). அல்லாஹ்வின் தூதர் தம் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அதில் மறைக்க என்ன இருக்கிறது? நம்மில் மறைக்க எதுவும் இல்லாதவர் என்று யாரையாவது சொல்ல முடியும் என்றால் அது அவர்கள்தான். ஆனாலும் துவாரம் வழியாகப் பார்த்தவரை விட்டுவிடவில்லை.

சூரத்துந் நூரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வீட்டுக்குள் போக ஸலாம் சொல்லி அனுமதி பெற வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்கிறது (24:27, 28). அதோடு நிற்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இருக்கும் சிறு பிள்ளைகள்கூட ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வின்போது, இஷாவுக்குப் பின் என்று மூன்று நேரங்களில் பெற்றோரின் அறைக்குள் வர அனுமதி கேட்க வேண்டும் என்கிறது (24:58). அந்த நேரங்களில் அறைக்குள் நடப்பது பாவமா? இல்லை. ஹலாலான ஓய்வு, ஹலாலான இல்லறம். பாவத்தை மறைப்பதற்காகத் திரை போடப்படவில்லை. மனிதனுக்குக் கண்ணியம் கொடுக்கப்பட்டிருப்பதால் திரை போடப்பட்டது. எனவே "மறைக்க ஒன்றுமில்லை" என்ற பதில், கேட்கப்படாத ஒரு கேள்விக்கான பதிலாகிவிடுகிறது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை தோறும் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். அந்தக் குகை இளைஞர்கள் எழுந்ததும் பசிக்கிறது. வெள்ளிக் காசைக் கொடுத்து ஒருவரை நகரத்துக்கு அனுப்புகிறார்கள். தூய்மையான உணவாகப் பார்த்து வாங்கி வரச் சொல்கிறார்கள். நிதானமாக நடந்துகொள்ளவும், தங்களைப் பற்றி எவருக்கும் தெரியவிடாமல் இருக்கவும் சொல்லி அனுப்புகிறார்கள் (18:19). கடைத்தெரு வேண்டாம், பட்டினி கிடப்போம் என்று அவர்கள் முடிவெடுக்கவில்லை. கடைத்தெருவில் உணவு மட்டும் வாங்க வேண்டும், தங்கள் இருப்பிடத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் மறைத்தது எதை? ஈமானை. உலகத்திலேயே வெட்கப்படத் தேவையில்லாத ஒன்றை. ஊர் நல்லவர்கள் கையில் இருக்கும்போது மறைக்க ஒன்றும் இருக்காது. ஊர் யார் கையில் போகும் என்பது நமக்குத் தெரியாது. இன்று நல்லவர் கையில் உள்ள பட்டியல் பத்து வருடம் கழித்து யார் கையில் இருக்கும் என்பதும் தெரியாது.

சரி, இப்போது அந்தத் தொடுதலுக்கு வருவோம்.

அறியாமைக் காலத்து அரபிகளிடம் முலாமஸா என்றொரு வியாபாரம் இருந்தது. சொல்லின் பொருளே தொடுதல்தான். துணி மடித்தபடி இருக்கும். வாங்குபவர் அதைக் கையால் தொடுவார். விரித்துப் பார்க்க மாட்டார். தொட்டுவிட்டால் வியாபாரம் முடிந்தது. கிழிசல் இருந்தாலும், சாயம் போயிருந்தாலும், அளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் இந்த வியாபாரத்தைத் தடுத்தார்கள் (புகாரி 2144). ஏன்? இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? தொட்டவரும் தன் விருப்பத்தோடுதானே தொட்டார்? ஆமாம். ஆனால் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாத ஒப்புதலை மார்க்கம் முழு ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்கும் விலையிலோ வாங்கும் பொருளிலோ பெரிய இருட்டு இருந்தால் அதற்கு கரர் என்று பெயர். அப்படிப்பட்ட வியாபாரமும் தடுக்கப்பட்டிருக்கிறது (முஸ்லிம்).

இன்று கைபேசித் திரையில் நாற்பது, ஐம்பது பக்க நிபந்தனைகள் மடித்த துணியாக இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில். வக்கீலுக்கே கொட்டாவி வரும் மொழியில். கீழே ஒரு பொத்தான். தொட்டால் முடிந்தது. என்ன கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், எத்தனை வருடத்துக்குக் கொடுத்தோம், அவர்கள் யாருக்கு மறுபடி விற்பார்கள் என எதுவும் தெரியாது. இது அப்படியே முலாமஸாதான், எனவே ஆப் ஏற்றுவது ஹராம் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. அது என் வேலையும் அல்ல. இலவசமாகக் கிடைக்கும் சேவையை விற்பனை என்று சொல்ல முடியுமா என்பதே ஆய்வுக்குரிய ஒன்று. நான் சொல்வது இவ்வளவுதான்: "நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்களே" என்று ஒரு நிறுவனம் நம்மிடம் சொல்லும்போது, அந்த வாதத்தின் பலவீனத்தை நம் ஃபிக்ஹ் கிதாபுகள் நூற்றாண்டுகளுக்கு முன்பே அடையாளம் கண்டிருக்கின்றன.

அனுமதி கேட்கும் ஒழுங்கையும் பாருங்கள். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி (புகாரி 6245). இந்த ஆப்கள் மூன்றோடு நிற்பதில்லை. இன்று மறுத்தால் நாளை கேட்கும். நாளை மறுத்தால் அடுத்த அப்டேட்டில் கேட்கும். இருப்பிடத்தைத் தராவிட்டால் ஒரு பக்கத்தைக்கூடக் காட்ட மாட்டேன் என்று சிலது அடம் பிடிக்கும். வாசலில் நின்று ஸலாம் சொல்பவரின் பழக்கம் இதுவல்ல. கதவை உலுக்குபவரின் பழக்கம்.

இங்கே தராசின் மறுதட்டையும் நியாயமாக நிறுத்த வேண்டும். கைபேசியால் கிடைக்கும் நன்மை சிறியதல்ல. துபாயிலும் ரியாத்திலும் வேலை பார்க்கும் ஒரு தகப்பன், தான் இதுவரை தூக்காத குழந்தையின் முகத்தை வீடியோவில் பார்க்கிறான். முன்பு கேசட்டில் குரலைப் பதிந்து ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்பிய தலைமுறை இன்னும் நம் மத்தியில் இருக்கிறது. அவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். மதீனாவில் ரவ்ளா ஷரீஃபில் தொழ இன்று நுசுக் ஆப்பில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே நம் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுக்காமல் முடியாது. நெரிசலில் உயிர் போகாமல் இருக்க அது ஒரு வழி. மார்க்கமும் எல்லாவற்றையும் மூடி வை என்று சொல்லவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் குர்ஆனின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுகிறது (2:282). எழுதுவது என்றாலே ஒருவருடைய விஷயம் இன்னொருவருக்குத் தெரிவதுதான். நியாயத்துக்காக அது தேவைப்படுகிறது.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது? எங்கே நிறுத்துவது? இதற்கும் நம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. வைத்தியர் உதாரணம் எல்லோருக்கும் தெரியும். மறைக்க வேண்டிய உறுப்பில் காயம் என்றால் வைத்தியர் பார்க்கலாம். தேவை அதை ஆகுமாக்குகிறது. ஆனால் காயம் முழங்காலுக்கு மேல் ஒரு சாண் என்றால் அந்த ஒரு சாண்தான். வைத்தியர் என்பதற்காக மற்றதையும் பார்க்க அவருக்கு உரிமை வந்துவிடாது. நிர்ப்பந்தத்துக்காகக் கிடைக்கும் சலுகை, அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்று ஃபுகஹாக்கள் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவுகோலைத் தொழுகை நேர ஆப்பின் மீது வைத்துப் பாருங்கள். தொழுகை நேரம் கணக்கிட என்ன வேண்டும்? தேதி வேண்டும். ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. தமிழகம், இலங்கைப் பக்கத்தில் ஒரு பாகை தீர்க்கரேகை என்பது கிட்டத்தட்ட 109 கிலோமீட்டர். அதாவது கிழக்கு மேற்காக 27 கிலோமீட்டர் நகர்ந்தால் சூரியன் உச்சி சாயும் நேரம் ஒரு நிமிடம் மாறும். ஊரின் பெயரைச் சொன்னாலே போதும். நான் எந்தத் தெருவில், எந்த மாடியில், எந்த ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறேன் என்று ஒரு சில மீட்டர் துல்லியத்தில், இரவும் பகலும் தெரிந்துகொண்டு அந்த ஆப் என்ன செய்யப் போகிறது? லுஹர் நேரத்துக்கு அது தேவையில்லை. தேவைக்கு மேல் கேட்கப்படும் அந்த மிச்சம்தான் விற்கப்படுகிறது. நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் வருடாந்திரத் தொழுகை அட்டவணையைப் பாருங்கள். அது யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அந்த அட்டவணையின் அடியில் ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கும். அதுவும் விளம்பரத்தில் ஓடும் இலவசச் சேவைதான். ஆனால் அட்டவணையைப் பார்ப்பவர் அடுத்து எங்கே போகிறார் என்று அந்த ஜவுளிக்கடை பின்னாலேயே வருவதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் இந்தியாவில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் தெளிவாக இருக்க வேண்டும், சொல்லப்பட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவோடு அது நிற்க வேண்டும் என்றே சொல்கிறது. அதற்கு முன் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இலங்கையிலும் 2022-ல் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அரசுக்குப் பெரிய விலக்குகள் இருக்கின்றன என்ற குறையும் உண்டு. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசட்டும். சட்டத்தில் ஓட்டை இருந்தாலும் நமக்குள்ள கடமை அப்படியே இருக்கிறது.

இதுவரை பேசியது உங்களுடைய சொந்த விஷயம். என் இருப்பிடம், என் பெயர், என் பழக்கம். ஒருவேளை நீங்கள் நன்றாக யோசித்து, "இந்த வசதிக்காக இவ்வளவைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம்" என்று முடிவெடுக்கலாம். உங்கள் பொருள், உங்கள் முடிவு. ஆனால் கைபேசியில் இருப்பதெல்லாம் உங்கள் பொருள் அல்ல. இங்கேதான் விஷயம் கடுமையாகிறது.

உங்கள் போன் புத்தகத்தில் ஐந்நூறு எண்கள் இருக்கின்றன. மாமியின் எண், மகளின் டீச்சர் எண், பக்கத்து வீட்டு விதவைப் பெண்ணின் எண், உங்களிடம் மட்டும் நம்பிக் கொடுத்த ஒரு நண்பரின் இரண்டாவது எண். ஒரு ஆப் "தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா" என்று கேட்கும்போது நீங்கள் தொட்டுவிட்டால் அந்த ஐந்நூறு பேரையும் கொடுத்துவிடுகிறீர்கள். அவர்களில் ஒருவரையும் நீங்கள் கேட்கவில்லை. ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாலே அந்தப் பேச்சு அமானிதமாகிவிடுகிறது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை (அபூதாவூத், திர்மிதீ). ரகசியம் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தைத் திருப்பினாலே போதும். அனஸ் (ரலி) சிறுவராக இருந்தபோது நபியவர்கள் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். அதை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. தம் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) கேட்டபோதும் சொல்லவில்லை (புகாரி 6289). ஒரு சின்னப் பையன் தன் தாய்க்கே சொல்லாத அளவுக்குக் காத்த அமானிதத்தை, நாம் ஒரு விளையாட்டு ஆப்புக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இதன் விளைவைச் சில வருடங்களுக்கு முன் நாடு முழுவதும் பார்த்தது. உடனடிக் கடன் தரும் ஆப்கள் கடன் வாங்கியவரின் போன் புத்தகத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டன. வட்டி ஹராம் என்பது தனிப் பேச்சு, அதை இங்கே இழுக்கவில்லை. தவணை தவறியதும் கடன் வாங்கியவரை விட்டுவிட்டு அவருடைய மைத்துனருக்கும் முதலாளிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் போன் போட்டார்கள். ஒட்டு வேலை செய்த அசிங்கமான படங்களை அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் பற்றிய செய்திகள் வந்தன. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியல், கோப்புகள், அழைப்புப் பதிவுகள் எதையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் எந்தக் கடனும் வாங்கவில்லை. அவளுடைய எண்ணைக் கொடுத்தது யார்?

படங்களும் இப்படித்தான். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் இந்தியாவின் முஸ்லிம் பெண்கள் பலருடைய படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து எடுத்து, அவர்களை ஏலத்துக்கு விடுவதுபோல் காட்டி இரண்டு ஆப்கள் இணையத்தில் விடப்பட்டன. அவற்றின் பெயர்களை மேடையில் சொல்ல என் நாக்கு வரவில்லை. பத்திரிகையாளர்கள், மாணவிகள், வயதான ஒரு தாய் வரை அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அப்போது நம்மில் சிலர் என்ன சொன்னார்கள்? "படம் போட்டது அவங்க தப்புதானே." சகோதரர்களே, துவாரம் வழியாகப் பார்த்தவர் மீதுதான் நபியவர்கள் கோபப்பட்டார்கள். கதவில் துவாரம் இருந்ததற்காக வீட்டிலிருந்தவர்களை அவர்கள் கண்டிக்கவில்லை. திருடியவன் குற்றத்தைத் திருட்டுக் கொடுத்தவர் தலையில் வைக்காதீர்கள். அதே நேரம், நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படத்தை, அந்தப் படத்தில் பின்னால் நிற்கும் இருபது பெண்களைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அங்கே நாமே துவாரம் போடுகிறோம்.

இனிச் சொல்லப்போவது நிர்வாகிகள் சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரமளான் வருகிறது என்றால் கிட் விநியோகத்துக்கும் ஜகாத்துக்கும் பட்டியல் தயாராகிறது. பெயர், கணவர் பெயர், முகவரி, போன் எண், ஆதார் எண். குறிப்பு என்ற கட்டத்தில் "கணவர் விட்டுவிட்டார்", "மகனுக்கு மனநலம் சரியில்லை", "இத்தாவில் இருக்கிறார்". இந்தப் பட்டியல் எக்செல் கோப்பாக மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். வாட்ஸ்அப்பில் செய்தி பூட்டப்பட்டுத்தான் போகிறது என்று சொல்வார்கள். வழியில் பூட்டியிருக்கிறது, உண்மைதான். போய்ச் சேர்ந்த இடத்தில் இருநூறு பேர் கையில் சாவி இருக்கிறதே! ஆண் துணை இல்லாமல் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டு முகவரியும் போன் எண்ணும், அவள் தனியாக இருக்கிறாள் என்ற குறிப்போடு, இருநூறு கைபேசிகளில். அந்தப் பெண் பள்ளிவாசலை நம்பிச் சொன்னாள். வேறு வழியில்லாமல் சொன்னாள். "நீங்கள் ஒப்புக்கொண்டுதானே கொடுத்தீர்கள்" என்று அவளிடம் நாம் சொன்னால், மடித்த துணியைத் தொடச் சொன்ன வியாபாரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான், மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று அல்லாஹ் சொல்கிறான் (2:271). நாம் இந்த வசனத்தைக் கொடுப்பவரின் இக்லாஸுக்காக ஓதுகிறோம். வாங்குபவரின் முகத்துக்காகவும் ஓத வேண்டும். கிட்டை வாங்கும் கையோடு முகமும் தெரியும்படி படம் எடுத்து முகநூலில் போடுவதற்கு, நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். கணக்குக் காட்ட வேண்டியது அவசியம்தான். பொதுப்பணம் அது. ஆனால் கணக்கு என்பது எத்தனை கிட், எவ்வளவு ரூபாய், எந்தக் கடை ரசீது. அந்தத் தாயின் முகம் ரசீது அல்ல. இங்கேயும் வைத்தியரின் ஒரு சாண் கணக்குத்தான்.

இவ்வளவு கேட்ட பிறகு ஒருவர் கேட்கலாம்: நான் ஒருவன் அனுமதியை மறுப்பதால் என்ன மாறிவிடும்? கோடிக்கணக்கான பேர் கொடுக்கிறார்களே? நியாயமான கேள்வி. இருப்பிடத் தகவலின் தன்மையே அப்படித்தான். ஒரு பள்ளிவாசலுக்கு வருபவர்களில் கொஞ்சப் பேர் கொடுத்தாலே அந்தப் பள்ளிவாசலின் நடமாட்டம் முழுவதும் தெரிந்துவிடும். எனவே இது தனிமனிதப் பேணுதலால் மட்டும் முடிகிற காரியமல்ல. ஆனால் 2020-ல் நடந்ததை மறந்துவிட வேண்டாம். செய்தி வெளியானதும் பல நாட்டு முஸ்லிம்கள் அந்த ஆப்பை நீக்கினார்கள், வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். சில நாட்களுக்குள் நிறுவனம் தன் வழியை மாற்றிக்கொள்வதாகச் சொல்ல வேண்டி வந்தது. எந்த நீதிமன்றமும் அப்போது உத்தரவிட்டிருக்கவில்லை. வாடிக்கையாளர் கோபம்தான் உத்தரவு.

பணம் கட்டினால் விளம்பரம் இல்லாத பதிப்பு தருகிறோம் என்று பல ஆப்கள் சொல்கின்றன. முடிந்தவர்கள் கட்டுங்கள். ஆனால் மாதம் நூறு இருநூறு ரூபாய் கட்ட முடியாத ஒரு கூலித் தொழிலாளிக்கு மட்டும் திரை இல்லாத வீடு என்பது சரியாகப் படவில்லை. நம் ஜமாஅத்துகளில் கணினி படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எதையும் சேகரிக்காத எளிய தொழுகை நேர ஆப் ஒன்றை ஒரு வட்டாரத்துக்கு உருவாக்கிக் கொடுப்பது அவர்களுக்கு ஒரு மாத வேலைகூட இல்லை. அதை ஸதகத்துல் ஜாரியாவாக எண்ணிச் செய்யலாம். ஃபேன் வாங்கிக் கொடுப்பதற்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் கைபேசியில் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செட்டிங்ஸில் இருப்பிடம் என்ற பகுதிக்குப் போனால் எந்தெந்த ஆப் எப்போதும் உங்கள் இடத்தைப் பார்க்கிறது என்ற பட்டியல் வரும். தொழுகை ஆப்புக்கு அதை மறுத்துவிட்டு, ஆப்புக்குள் ஊரின் பெயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். பாங்கு ஒரு வினாடிகூடத் தாமதிக்காது. டார்ச் லைட் ஆப்புக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு என்று கேட்டு எடுத்துவிடுங்கள். ஆதார் நகல் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஏற்றுக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். ஆதார் ஆணையமே அதைத் தருகிறது. வீட்டில் வாப்பாவும் உம்மாவும் வைத்திருக்கும் கைபேசியைப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள். அவர்களை அதட்டாமல், அவர்களைக் கேட்டுவிட்டு.

நிர்வாகிகள் இந்த வாரம், கடந்த ரமளானில் தயாரித்த அந்தப் பட்டியல் யார் யாருடைய கைபேசியில் இன்னும் இருக்கிறது என்று விசாரியுங்கள். குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அடுத்த பட்டியலைப் பேரேட்டில் எழுதி அலுவலக பீரோவில் வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருந்தால் போதும். குறிப்புக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள்.